முன்னோருக்குச் செய்வது எப்படி: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு கைவழிகாட்டி

முன்னோருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதும் இன்று பலர் கைபேசியைத்தான் திறக்கிறார்கள். புகை போடுவதற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த வெள்ளை சேஜ் இலைக்கட்டு, ஹவாய்த் தீவின் பெயரில் நான்கு வரி மந்திரம், ‘பரம்பரைக் கர்மா’ நீக்கும் இரண்டு நாள் பயிற்சி என்று வரிசையாக வருகிறது. அதே வீட்டில் எண்பது வயதுப் பெரியம்மா இருப்பார். எந்த ஆற்றங்கரையில் பலி போட்டார்கள், கல்யாணம் ஆகாமல் இறந்த கன்னிக்கு எந்த மாதம் வைத்துக் கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

முன்னோர் என்பவர்கள் பெயரும் ஊரும் விருப்பும் வெறுப்பும் உள்ள ஆட்கள். ஆளைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் சடங்கில் பொருள் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆகவே முதல் வேலை நோட்டும் பேனாவும்.

பெயர் எழுதுவது

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் விடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், பதிவில் உள்ள பெயர், பிறந்த ஊர், இறந்த மாதம், திதி அல்லது நட்சத்திரம், எரித்த அல்லது அடக்கிய இடம், விரும்பிச் சாப்பிட்டது, எதை வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று பின்னால் வரும்.

யாரிடம் கேட்பது? குடும்பத்துக்கு மருமகளாக வந்து ஐம்பது வருடம் ஆன பெண்களிடம் முதலில். பிறந்த வீட்டுக் கதையும் புகுந்த வீட்டுக் கதையும் இரண்டும் அவர்களிடம் இருக்கும். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் மூத்தவர் சொன்னதற்கு இளையவர் தலையாட்டிவிடுவார். குரலைப் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். துர்மரணம், ஓடிப்போனவர், மதம் மாறியவர் பற்றிப் பேச்சு வரும்போது பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவங்கள் அப்பா, தாத்தா, பூட்டன் என்று தந்தை வழியில் மூன்று தலைமுறை கேட்கும். இந்த மாவட்டத்தில் அது பலருக்குப் பொருந்தாது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பங்களில் 1926-இல் சட்டம் வந்து மக்கள் வழிக்கு மாறும் வரை மருமக்கள் வழிதான். சொத்தும் கடமையும் தாய்மாமனான காரணவரிடமிருந்து மருமகனுக்குப் போனது. கிருஷ்ணன்வகையார், நாயர் குடும்பங்களிலும் தாய்வழி இருந்தது. இப்படிப்பட்ட வீட்டில் தந்தை வழியை மட்டும் எழுதினால், அந்த வீட்டையே தாங்கிய காரணவரும் அவருடைய தாயும் பட்டியலில் இல்லாமல் போவார்கள். தாய்வழிக்கு என்று இன்னொரு கிளையை முதலிலேயே வரைந்துவிடுங்கள்.

தேதியில் ஒரு சிக்கல் வரும். பழைய ஓலையிலும் பத்திரத்திலும் கல்லறையிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் 31 வரை உள்ள நாளானால் 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆடி முடிய 825. கணக்குச் சரிதானா என்று பார்க்க இரண்டு நாட்கள்: கோயில் நுழைவு அறிவிப்பு கொல்லம் 1112 ஐப்பசியில் வந்தது, அதாவது 1936 நவம்பர் 12. திருவிதாங்கூரை மூழ்கடித்த பெருவெள்ளம் 1099 ஆடி, அதாவது 1924 ஜூலை. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ஐப்பசி, கார்த்திகையில் இறந்தவர்களுக்கு ஒரு வருடம் தள்ளிப்போய்விடும், பிறகு பஞ்சாங்கத்தில் திதி தேடினால் பொருந்தாது.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முந்தைய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் பத்திரத்தைவிட உதவும். பெண்களின் பெயர் அங்கேதான் முழுதாக இருக்கும்.

நிலமே இல்லாதவர்களுக்குப் பத்திரம் எங்கே இருக்கும்? திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் அடிமையாக, ஊழியம் செய்தவராக இருந்தவர்களின் பெயர் எந்த வீட்டுக் கணக்கிலும் மரியாதையாக ஏறவில்லை. அந்த இடத்தை ‘ராஜ பரம்பரை’ என்று இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். ‘பெயர் தெரியாத பெரியவர்கள்’ என்று ஒரு பக்கம் விடுங்கள், படைக்கும்போது அவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். உழைத்து வாழ்ந்தவரை ராஜாவாக்குவது அவரை மறைப்பது.

அவர் எதை ஒதுக்கினார்

ஒரே குடும்பத்தில் சுடலைமாடன் பீடமும் சிஎஸ்ஐ கல்லறையும் அய்யாவழியினர் கூடி வழிபடும் நிழல் தாங்கலும் இருக்கும் மாவட்டம் இது. பேரன்மார் ஒரு நல்ல எண்ணத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தர்ப்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ஞானஸ்நானம் பெற்று, பீடத்தைத் தானாக விட்டுவிலகிய பாட்டாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது அவருடைய முடிவை அழிப்பது. காணிக்கையும் பலியும் வேண்டாம் என்று சொன்ன, அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் வழியில் வாழ்ந்தவர் பெயரில் கோழி அறுப்பதும் அப்படித்தான். அவர் உயிரோடு இருந்தபோது ஒதுக்கியதை, செத்தபிறகு அவர் பெயரில் செய்யக்கூடாது. அவருக்கு அவர் சபையின் வழியில் செய்யுங்கள்: பூசை ஒப்புக்கொடுக்கலாம், அன்னதானம் கொடுக்கலாம், சாமிதோப்புப் பதியிலோ ஊர்த் தாங்கலிலோ கேட்டு அவர்கள் சொல்வதைச் செய்யலாம். முஸ்லிம் குடும்பங்களில் கபர் ஜியாரத், யாசீன் ஓதுதல், ஏழைகளுக்குச் சாப்பாடு என்று உண்டு. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹாவைச் சில ஜமாஅத்துகள் ஏற்கும், சில ஏற்காது. இறந்தவருடைய ஜமாஅத்தின் வழக்கம் எதுவோ அதுவே முடிவு.

ஆடி அமாவாசை பலி

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இதை வாவுபலி என்பார்கள். குழித்துறை ஆற்றங்கரையில் பலியும், அதை ஒட்டி நகராட்சியின் வாவுபலிப் பொருட்காட்சியும் நடக்கும். குழித்துறையில் ஓடுவதும் தாமிரபரணிதான், ஆனால் திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல. இது கோதையாறும் பரளியாறும் சேர்ந்து தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுவது. கிழக்கே உள்ளவர்கள் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்துக்குப் போவார்கள். அன்று பகவதி அம்மன் கோயிலின் கிழக்கு வாசலும் திறக்கும். உங்கள் வீட்டார் எந்தக் கரைக்குப் போனார்களோ அங்கே போங்கள். தெரியவில்லையென்றால் பக்கத்து ஆற்றங்கரை போதும்.

முதல் நாள் ஒரு நேரம்தான் சோறு. மற்ற நேரம் பழமோ பலகாரமோ. மீன், இறைச்சி இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைக் கடைப்பிடிக்க வேண்டாம். விடியுமுன் தண்ணீரில் நிற்கும்போது சர்க்கரை குறைந்து மயக்கம் வரும்.

மூன்று பேருக்குப் பிண்டம் வைக்கத் தேவையானவை: பச்சரிசி 250 கிராம், கறுப்பு எள் 50 கிராம், தர்ப்பை ஒரு சிறு கட்டு, நுனியோடு கூடிய வாழையிலை இரண்டு, சந்தனம், துளசி, தெற்றிப்பூ, ஒரு கிண்டி அல்லது செம்பு. அரிசியை இரண்டு பங்கு தண்ணீரில் குழையாமல் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு மேசைக்கரண்டி எள்ளும் ஒரு மட்டிப்பழமும் சேர்த்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அரிசி. நம் வீட்டில் தினமும் பொங்குவது புழுங்கல். அவித்துக் காய்ந்த அரிசியில் பசை வெளியே வராது, சோறு உதிரியாகவே நிற்கும். பச்சரிசியே வேண்டும். தண்ணீர் மூன்று பங்கு விட்டாலும் உருண்டை நிற்காமல் பரந்துவிடும். நன்றாக ஆறிப்போன சோறும் ஒட்டாது.

குளித்து ஈரத்துணியோடு தெற்கு நோக்கி உட்கார்ந்து, வலதுகை மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுக்கொள்ள வேண்டும். இலையில் தர்ப்பையை நுனி தெற்கே பார்க்கப் பரப்பி, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பிண்டத்தை வைத்து, சந்தனமும் பூவும் சாத்துவார்கள். தண்ணீரை விரல் நுனி வழியாக விடக்கூடாது; கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வழியும்படி கையைச் சரித்து விட வேண்டும். கடைசியில் இலையோடு எடுத்துத் தலைக்கு மேல் கொண்டுபோய் நீரில் விட்டு முங்குவது மேற்குப் பக்கத்து வழக்கம். வரிசையில் சிறு மாற்றங்கள் கரைக்குக் கரை உண்டு, நடத்தி வைப்பவர் சொல்வதைக் கேளுங்கள். பெண்கள் பலி கொடுக்கக்கூடாது என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. வாவுபலிக் கரையில் பெண்களும் ஈரத்துணியோடு உட்கார்ந்து பலி கொடுக்கிறார்கள்.

நடத்தி வைப்பவர் கோத்திரம் கேட்பார். இங்கே பல சமுதாயங்களுக்குக் கோத்திரம் என்ற வழக்கமே கிடையாது. தெரியாதவர்கள் எதையாவது சொல்லிவிடுகிறார்கள், அடுத்த தலைமுறை அதை உண்மையென்று பிடித்துக்கொள்கிறது. ‘எங்களுக்குக் கோத்திரம் இல்லை, ஊரும் வகையறாவும் சொல்கிறோம்’ என்று சொன்னால் போதும். பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். கூட்டத்தில் நடுவே நாலு பெயர் மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கிறது. தட்சணையை உட்காரும் முன்பே கேட்டுப் பேசிவிடுங்கள்.

ஆடியில் குமரிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள், பாறை இடுக்கில் முங்காதீர்கள். அலை வரும்போதைவிடத் திரும்பும்போதுதான் காலை இழுக்கும். ஆற்றில் திடீரென்று தண்ணீர் கலங்கினாலோ வேகம் கூடினாலோ மலையில் மழை பெய்திருக்கும், உடனே கரையேறுங்கள். சோறும் எள்ளும் இலையும் தண்ணீரில் போகலாம். பிளாஸ்டிக் பை, உடுத்த துணி, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் எதுவும் போகக்கூடாது. துணி அடியில் கல்லில் சிக்கிக்கொண்டு அடுத்து முங்குபவரின் காலில் சுற்றும்.

சண்டையில் இருக்கும் சகோதரர்கள் ஒரே அப்பாவுக்கு இரண்டு கரையில் பலி கொடுப்பது இங்கே புதிதல்ல. சொத்தைப் பாகம் வைத்ததில் மனக்கசப்பு இருந்தால் அமாவாசைக்கு முன்பே ஒரு மத்தியஸ்தரை வைத்து உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீட்டுப் படைப்பு, கன்னி, பீடம்

வீட்டுப் படைப்பில் இறந்தவரின் நாக்குக்கு மரியாதை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விரும்பியவருக்கு அதையே வைக்கலாம். அமாவாசையன்று மட்டும் பல வீடுகளில் கவுச்சி இல்லை, மற்ற நாளில் வைப்பார்கள். தலைவாழை இலை, குத்துவிளக்கு, கோடித்துணி, இளநீர், வெற்றிலை பாக்கு, வயணை இலையில் பொதிந்த தெரளி. காக்காய்க்கு வைக்கும் சோற்றில் உப்பும் மிளகாயும் சேர்க்காமல், சூரியன் ஏறுமுன் திறந்த மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பக்கத்திலேயே கைபேசியோடு நின்றால் காக்காய் இறங்காது. இறங்காவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. ‘தோஷம்’ என்று சொல்லிப் பரிகாரத்துக்குக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடும் வீடுகளில் பாவாடை, வளையல், பொட்டு, சிறு கண்ணாடி, பிச்சிப்பூ வைப்பார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். கன்னி என்ற பொதுப்பெயர் நிலைத்து, சொந்தப் பெயர் தொலைந்துபோன வீடுகள் ஏராளம்.

பீடம் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறோம். கோயில் நுழைவு அறிவிப்பு வந்த 1936-க்கு முன் நம் முன்னோரில் பெரும்பகுதியினர் பெரிய கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. பனையடியிலும் தோட்டத்து மூலையிலும் மண்ணாலும் செங்கலாலும் அவர்கள் எழுப்பிய பீடம்தான் அவர்களுக்கு இருந்த சன்னிதி. இன்று கையில் காசு வந்ததும் அதை இடித்துக் கருங்கல் சிலை வைத்து, மாடனுக்கு வேறு பெயரும் இசக்கிக்குத் துர்க்கை என்ற பெயரும் கொடுத்துவிடுகிறோம். பீடம் விரிசல் விட்டிருந்தால் பழுது பாருங்கள், இடிக்காதீர்கள். சிமெண்ட் பூச வேண்டாம்: அது உள்ளே உள்ள ஈரத்தை வெளியே விடாது, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும், பழைய செங்கலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. குறைந்தது ஒரு வாரம் ஊறிய சுண்ணாம்பு வேண்டும். ஊறாததைப் பூசினால் பிறகு பொங்கிப் பொரிந்து வரும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் சேர்க்கத் தெரிந்த பழைய கொத்தனார் கிடைத்தால் அவரை விடாதீர்கள். மஞ்சணை சாத்துவது பூச்சு நன்றாகக் காய்ந்தபிறகுதான். கைவைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரம், அகலம், எத்தனை அடுக்கு என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறை

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே சுத்தம் தொடங்குங்கள். பழைய கல்லில் ஆசிட்டும் கம்பி பிரஷும் படக்கூடாது. தண்ணீரும் தேங்காய்நார் தும்பும் போதும். பாசி விடாவிட்டால் நனைத்து ஒரு மணி நேரம் விட்டு மறுபடி தேயுங்கள். எழுத்து மங்கியிருந்தால் வெள்ளையடிக்கும் முன் வெயில் சாயும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் குழிகள் நிழலாக நின்று எழுத்து தெரியும். ஒருமுறை சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் அந்தப் பெயர் போய்விடும். மெழுகுதிரியைச் சிரட்டையில் மணல் போட்டு நட்டால் கடற்காற்றிலும் சாயாது, கல்லிலும் மெழுகு படியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் உடல் கிடைக்காமல் போனவர்களின் குடும்பங்கள் குளச்சல் முதல் தூத்தூர் வரை இருக்கின்றன. கல்லறை இல்லையே என்று தவிப்பவர்கள் குடும்பக் கல்லறையிலேயே பெயரும் நாளும் பொறிக்கப் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். அந்த வீட்டுப் பெண்களிடம் ‘ஆவியோடு பேச வைக்கிறேன்’ என்று வருபவரை உள்ளே விடாதீர்கள்.

பிறருடைய சடங்கு

பிறர் வழக்கத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது? மூன்று கேள்வி போதும். இதைக் கற்றுக்கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை இருந்ததா? அந்த மக்கள் வேண்டாம் என்று சொன்னால் அது யார் காதிலாவது விழுமா? காசு யார் கைக்குப் போகிறது?

வெள்ளை சேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் மட்டும் தானாக வளரும் செடி. அங்கத்திய பூர்வகுடிகளுக்கு அது மருந்தும் வழிபாடும். அமெரிக்க அரசு 1883-இல் கொண்டுவந்த விதிகளில் பூர்வகுடிகளின் சடங்குகள் குற்றமாக்கப்பட்டன. மதச் சுதந்திரத்தைச் சட்டமாக எழுதித் தந்தது 1978-இல்தான். இப்போது கடைகளுக்காகக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒருவரான லக்கோட்டா மக்கள் 1993-இல் தங்கள் சடங்கை விற்பவர்களுக்கு எதிராக வெளிப்படையாகவே அறிவித்தார்கள். மூன்று கேள்வியிலும் தோற்கும் பொருள் அது. வீட்டில் புகை போட நமக்குச் சிரட்டைக் கரியும் குந்திரிக்கமும் சாம்பிராணியும் இருக்கின்றன. கரி மேலே சாம்பல் பூத்தபிறகு ஒரு சிறு கரண்டி தூள். கறுப்பாக இருக்கும்போதே போட்டால் கண் எரியும் கரும்புகைதான் வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆஸ்துமா உள்ளவர் அறையில் வேண்டாம். சாம்பிராணியும் கடல் கடந்து வந்ததுதானே என்று கேட்கலாம். ஆம், சுமத்ராப் பக்கத்துப் பிசின். பல நூறு ஆண்டுகளாக அவர்களே விற்க, நாம் வாங்கினோம். யாருடைய சடங்கையும் பறிக்கவில்லை. வியாபாரத்துக்கும் பறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஹோஒபோனோபோனோ தமிழ் யூடியூபில் நான்கு வரி ஜெபமாக ஓடுகிறது. ஹவாயில் அது குடும்பம் முழுவதும் ஒரு பெரியவர் முன் உட்கார்ந்து, பிரார்த்தனை செய்து, குற்றத்தைச் சொல்லி, மன்னித்து, சேர்ந்து சாப்பிட்டு எழும் முறை. மோர்ர்னா சிமியோனா என்ற ஹவாய்ப் பெண்மணி 1976-இல் தனியாள் செய்யும்படி அதை மாற்றினார். நான்கு வரி அதற்கும் பின்னால் வந்தது. அதைப் பாராயணம் செய்துவிட்டு அண்ணனிடம் பேசாமல் இருப்பவர் அந்த மக்களின் முறையையும் செய்யவில்லை, நம் முறையையும் செய்யவில்லை.

ஃபேமிலி கான்ஸ்டலேஷன் என்ற பயிற்சியை உருவாக்கியவர் ஜெர்மானியர் பெர்ட் ஹெலிங்கர். தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களிடையே கத்தோலிக்கக் குருவாகப் பல ஆண்டுகள் இருந்தவர். அறிமுகமில்லாதவர்கள் உங்கள் பாட்டியாகவும் தாத்தாவாகவும் எழுந்து நிற்பார்கள். உங்கள் வீட்டு ரகசியம் அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும், நடத்துபவருக்கு உளவியல் படிப்பு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. துக்கம் தாங்காமல் தூக்கம் கெட்டு, இறந்தவர் குரல் ஓயாமல் கேட்கிறது என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம்.

நம் மாவட்டத்துக்குள்ளேயும் இதே அளவுகோல்தான். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் சாற்றுப்பாட்டும் கொக்கரை என்ற இரும்புக் கருவியின் இசையும் நோய் தீர்க்கவும் மலைத்தெய்வங்களை அழைக்கவும் அவர்களுடைய மருத்துவப் பூசாரியான பிலாத்தி இரவு முழுவதும் நடத்துவது. அதை ரிசார்ட்டில் ‘காட்டு தியானம்’ என்று வைப்பவர்களிடம் போகாதீர்கள். அனுமதி வாங்குவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்குப் பக்கத்துக் கேரளக் காணிகளின் அனுபவமே சான்று. 1987-இல் வழிகாட்டிகளாக வந்த காணிகள் சொல்லித்தான் ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகை விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து பிறந்தது. 1995-இல் உரிமம் வழங்கி, கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் தங்களைக் கேட்கவில்லை என்று பிலாத்திகள் சிலர் முதலமைச்சருக்கே எழுதினார்கள். ஒரு வழிகாட்டியின் தலையாட்டல் மொத்த மக்களின் சம்மதம் ஆகாது.

ஊர்த் தெய்வங்களின் விழாவான கொடைக்குப் போகிறவர்கள் விருந்தாளியாகப் போங்கள். வில்லுப்பாட்டைக் கேட்கலாம், பொங்கல் வாங்கிச் சாப்பிடலாம். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும் நேரத்தில் கேமரா வேண்டாம். கோயில் நிர்வாகிகள் அனுமதித்தாலும் அவரையும் தனியாகக் கேளுங்கள், அதுவும் முதல் நாளே. சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டை வெட்டிப் பின்னணி இசையாகப் போடுவதும், பயிற்சி முகாமில் அதை ஒலிக்கவிட்டு ஆட்களை ஆடவைப்பதும் கூடாது. அந்தப் பாட்டுக்கு இடமும் நேரமும் உண்டு, ஆடிய உடம்பைத் தணிக்கத் தெரிந்த ஆட்களும் அங்கே நிற்பார்கள். முகாமில் அவர்கள் இல்லாததால்தான் விழுந்து அடிபடுகிறார்கள். தக்கலை பீர்முகமது அப்பா தர்காவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சி பாடும் இரவிலும் இதே மரியாதையோடு இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். வில்லுப்பாட்டுக் கலைஞரை ஆராய்ச்சிக்கோ படத்துக்கோ அழைத்தால் ஒரு இரவுக் கொடைக்கு அவர் வாங்கும் தொகையைக் கேட்டு அதற்குக் குறையாமல் கொடுங்கள். குழுவில் குடமும் உடுக்கையும் அடிப்பவர்கள் பெயரும் படத்தில் வர வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

அமாவாசை முடியும் கணம் உலகம் முழுவதும் ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. இந்தியாவில் காலை 10 மணிக்குத் திதி முடிகிறது என்றால் கோடைகால நியூயார்க்கில் அது நள்ளிரவு 12.30; அங்கே விடியும்போது அமாவாசை போயிருக்கும், ஆகவே முந்தின நாளே செய்ய வேண்டும். வளைகுடாவில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் என்பதால் பெரும்பாலும் அதே நாள் வரும். இருக்கும் ஊரின் பெயர் போட்டுக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆறும் கடலும் பக்கத்தில் இல்லையென்றால் ஒரு தாம்பாளத்தில் தெற்கு நோக்கி எள்ளும் தண்ணீரும் விட்டு, பிறகு அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். தர்ப்பை கிடைக்காவிட்டால் பெயரும் தண்ணீரும் போதும். அடுக்குமாடியில் புகை மணி அடிக்கும், அங்கே சாம்பிராணியை விட்டுவிடுங்கள். பெயர் நோட்டின் ஒரு பிரதியை உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அனுப்பி, அவர்கள் திருத்தியதைக் கேட்டு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை ஆடிக்கு முன் மறுபடி எழுதுங்கள்.